கோடு போட்ட கடல்

அன்புள்ள ஐயா,

செக் நாட்டுத் திரைப்பட இயக்குநர் காரெல் ஸெமன் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியிருந்த சின்னக் குறிப்பைப் படித்துவிட்டு, அவருடைய 1958ஆம் வருடப் படத்தை வீட்டில் போட்டுப் பார்த்தோம். என் மகள் அனிமேஷன் படித்துவிட்டு பெங்களூருவில் ஒரு விஎஃப்எக்ஸ் கம்பெனியில் ரோட்டோ, அதாவது காட்சியிலிருந்து ஆளைத் தனியாக வெட்டி எடுக்கிற வேலை, செய்கிறாள். பாதிப் படத்தில், "அப்பா, கடல்கூட கோடு கோடா இருக்கு. மீன் அட்டைன்னு அப்பட்டமா தெரியுது. இதையா இவ்வளவு தூக்கிவெச்சு எழுதியிருக்கார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் படம் முடியும்வரை அவளும் எழுந்து போகவில்லை. இன்னொன்று. அவர் பாட்டா கம்பெனியில் இருந்தவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என் அப்பா ஓசூர் பாட்டா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். செருப்புக் கம்பெனிக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்?

மு., ஓசூர்

அன்புள்ள மு.,

பாட்டாவிலிருந்தே தொடங்குகிறேன். செக் நாட்டின் கிழக்கே மொராவியாவில் ஸ்லின் என்று ஓர் ஊர். 1894இல் பாட்டா குடும்பம் செருப்புத் தொழிலை ஆரம்பித்த ஊர் அது. தொழிலாளிகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பெரிய சினிமா தியேட்டர் எல்லாவற்றையும் கம்பெனியே கட்டியது. 1930களில் விளம்பரப் படங்கள் எடுக்கச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோவையும் கட்டிக்கொண்டது. உங்கள் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் தாய்வீட்டில் செருப்பு விளம்பரத்துக்காகக் கட்டிய அந்த ஸ்டுடியோவில்தான் உலகின் மிக அழகான மாயாஜாலப் படங்கள் சில பிறந்தன.

ஸெமன் 1910இல் பிறந்தவர். பிரான்சுக்குப் போய் விளம்பரக் கலை படித்தார். திரும்பி வந்து பிர்னோ நகரில் கடைகளின் ஷோகேஸ் அலங்காரம், விளம்பர வேலை என்று செய்துகொண்டிருந்தார். 1943இல், யுத்தத்துக்கு நடுவே, எல்மார் க்ளோஸ் என்ற இயக்குநர் அவரை ஸ்லின் ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அங்கே ஹெர்மினா டிர்லோவா என்ற அம்மையாரிடம் உதவியாளராகச் சேர்ந்தபோது ஸெமனுக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. ஷோகேஸ் வேலை அவரைக் கடைசிவரை விடவில்லை என்று நினைக்கிறேன். நாலடி ஆழத்துக்குள் ஓர் உலகத்தைக் காட்ட வேண்டும், பார்க்கிறவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரே இடத்தில் நிற்பார், எது முன்னால் எது பின்னால் என்பதில்தான் மொத்த வித்தையும். அவருடைய எந்தப் படத்தை நிறுத்தி ஒரு காட்சியைப் பார்த்தாலும் இது தெரியும்.

ஆரம்பத்தில் பொம்மைக் குறும்படங்கள். மீசை வைத்த புரோகூக் என்ற மரப்பொம்மையை வைத்து எடுத்த வரிசை செக் நாட்டில் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அவற்றை இன்று பார்த்தால் சுமார்தான். 1949இல் எடுத்த குறும்படம் வேறு ரகம். கண்ணாடியை வைத்து அனிமேஷன் செய்ய முடியாது என்று யாரோ சொல்ல, செய்து காட்டுகிறேன் என்று இறங்கினார். பொம்மை அனிமேஷன் என்றால் கையைக் கொஞ்சம் வளைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் வளைத்து இன்னொரு படம். கண்ணாடிச் சிலையை எங்கே வளைப்பது? ஒவ்வொரு அசைவுக்கும் சூடு காட்டி வளைக்க வேண்டும், இல்லையென்றால் வேறு சிலையைத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு நொடிக்கு 24 படம். அதில் வரும் கண்ணாடிக் கோமாளியும் நடனக்காரியும் பனிமேல் சறுக்கிப் போவதை உங்கள் மகளுக்குக் காட்டுங்கள். அந்த வேலையின் கஷ்டம் அவளுக்கு உடனே தெரியும்.

1955இல் 'காலத்தின் தொடக்கத்துக்கு ஒரு பயணம்'. நாலு பையன்கள் ஒரு படகில் ஏறி ஆற்றோடு போகிறார்கள். போகப் போகக் காலம் பின்னால் போகிறது. மாமத யானை, டைனோசர், அதற்கும் முன்னால் பெரணிக் காடு, கடைசியில் உயிர்கள் தோன்றிய கடல். அதில் ஒரு இடம். முதல்நாள் இரவு சண்டையில் செத்துப்போன ஸ்டெகோசரஸ் என்ற டைனோசரைப் பையன்கள் காலையில் கிட்டே போய்ப் பார்க்கிறார்கள், தொடுகிறார்கள், மேலே ஏறுகிறார்கள். உயிரோடு நடந்தபோது அது சின்ன மாடல். செத்த பிறகு பையன்கள் ஏறி நிற்கிற அளவுக்கு உண்மையான அளவில் செய்து போட்டிருக்கிறார். அவ்வளவு நேரம் தூரத்தில் நடந்த பொம்மையை, தொட்ட அந்தக் கணத்தில் நாம் முழுசாக நம்பிவிடுகிறோம். தொல்லுயிர் அறிஞர் யோசெஃப் அவுகுஸ்தாவின் ஆலோசனையோடு எடுத்த படம் என்பதால் கற்பனை இஷ்டத்துக்கு ஓடவும் இல்லை.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த 'அழிவுக்கான ஒரு கண்டுபிடிப்பு' பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் நாவலை வைத்து எடுத்தது. வெர்னின் புத்தகங்கள் முதலில் வந்தபோது உள்ளே மரத்தில் செதுக்கி அச்சடித்த படங்கள் இருந்தன. நிழல், வானம், அலை எல்லாமே மெல்லிய கோடுகள். கதையை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் அந்தப் படங்களையே உயிரோடு எழுப்ப வேண்டும் என்று ஸெமன் நினைத்தார். அதனால் செட்டின் சுவரில் கோடு, தரையில் கோடு, உடுப்பில் கோடு, கடல்மேலும் கோடு. துடுப்புப் போட்டு நீந்தும் நீர்மூழ்கி, பெடல் மிதித்து ஓட்டும் ஆகாயக் கப்பல், சக்கரம் கட்டிக்கொண்டு சறுக்கும் ஒட்டகங்கள் எல்லாம் அந்தக் கோட்டு உலகத்துப் பிரஜைகள். நடிகர்களும் அப்படியே. கையை வீசி நடிக்காமல், பழைய படத்தில் நிற்கிற ஆள் மாதிரி நிற்கிறார்கள், திரும்புகிறார்கள்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆளுக்கு இது புரியாமல் போகாது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் கடைசிநாள் படுகளம் பார்த்திருப்பீர்கள். துரியோதனன் மைதானம் நிறைய மண்ணால் செய்யப்பட்டு மல்லாந்து கிடப்பான். அவனைச் சுற்றிப் பீமன் வேஷக்காரர் கதாயுதத்தோடு ஓடி வருவார். தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்து வைத்த சட்டியிலிருந்து சிவப்புத் தண்ணீர் வரும், பாஞ்சாலி கூந்தலில் தடவி முடிவாள். சுற்றி நிற்கிற கூட்டத்தில் அது மண் என்று தெரியாதவர் யார்? ஆனாலும் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மண் துரியோதனனுக்கு எந்தச் சாயமோ அதே மாதிரிச் சாயம்தான் பீமன் முகத்திலும். இரண்டும் ஒரே உலகம். பீமன் மட்டும் பேன்ட் சட்டையில் வந்திருந்தால் அந்த மண் வெறும் மண்ணாகத் தெரிந்திருக்கும்.

ஸெமன் செய்ததும் இதுதான். மனிதனை அட்டையின் பக்கத்துக்குக் கூட்டி வந்தார். இன்றைய படங்களில் அட்டையை மனிதனின் பக்கத்துக்கு இழுக்கிறார்கள். டிராகனின் தோலில் வேர்வை தெரிய வேண்டும், கம்பி தெரியக் கூடாது, ஓரம் தெரியக் கூடாது. நடிகரின் ஓரத்தைப் பிரேம் பிரேமாக வெட்டி எடுக்கிற உங்கள் மகளின் வேலை அதற்காகத்தான். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொறுமையில் அது ஸெமனின் வேலைக்குச் சளைத்தது இல்லை. ஆனால் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்று எடுத்த படம் பத்து வருடத்தில் பழசாகிவிடுகிறது. அதைவிட அச்சு அசலாக இன்னொன்று வந்துவிடுகிறது. ஸெமனின் கடல் அறுபது வருடம் கழித்தும் பழசாகவில்லை. அது நிஜக் கடலோடு போட்டிக்கே போகவில்லை. மகள் எழுந்து போகாமல் உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தப் படம் 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் திரைப்பட விழாவில் பெரிய பரிசை வாங்கியது.

அப்புறம் 1962இல் பாரன் முஞ்சௌசன். நிலாவில் இறங்கும் விண்வெளி வீரனுக்கு முன்னால் அண்டப்புளுகன் முஞ்சௌசன் வந்து நிற்கிறான். இதற்கு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தொரேயின் ஓவியங்கள் ஆதாரம், காட்சிக்கு ஒரு சாயம். பார்க்க இதுதான் ஆக அழகு, ஆனால் கதை அங்கங்கே தொங்கும். டெர்ரி கில்லியம் 1988இல் அதே பாரனை மறுபடி படமாக்கினார். 1964இல் எடுத்த விதூஷகன் கதைக்கு 17ஆம் நூற்றாண்டுச் செதுக்கோவியங்கள். பிறகு மறுபடி வெர்ன், மறுபடி வெர்ன். அந்த இரண்டும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

அறுபது வயதுக்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெரிய செட், நடிகர் பட்டாளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெட்டிய காகித உருவங்களுக்குத் திரும்பினார். முதலில் சிந்துபாத், கன்னித்தீவு படித்து வளர்ந்த நமக்கு ரொம்பத் தெரிந்தவன். அப்புறம் 'கிராபாட்'. அநாதைப் பையன் ஒருவன் மந்திரவாதியின் மாவு மில்லுக்கு வேலைக்குப் போய்ச் சேருகிறான். அங்கே பையன்களைக் காக்கையாக்கி வித்தை கற்றுத் தருவார்கள், வருடத்துக்கு ஒருவன் சாவான். காகிதத்தை வைத்து இவ்வளவு பயத்தை வேறு யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. 1980இல் கடைசிப் படம். 1989இல் அதே ஊரில் இறந்தார். அப்போது ஊருக்குக் கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவரின் பெயர் வைத்திருந்தார்கள். மறுவருடம் அது மறுபடி ஸ்லின் ஆனது.

பார்க்கிற வரிசை ஒன்று சொல்கிறேன். முதலில் கண்ணாடிக் குறும்படம், பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அடுத்து பையன்களின் படகுப் பயணம். அதற்குப் பிறகு வெர்ன் படத்தை மறுபடி ஒருமுறை, இந்த முறை நடிகர்களின் உடுப்பை மட்டும் கவனித்து. படகு, வெர்ன், பாரன் மூன்றும் சீர்செய்யப்பட்டு 2020இல் ஒரே ப்ளூரே தொகுப்பாக வந்திருக்கின்றன. யூடியூபில் கிடக்கிற மங்கலான பிரதியில் வெர்ன் படத்தைப் பார்க்க வேண்டாம், கோடெல்லாம் கலங்கிப்போய் இருக்கும். கிராபாட்டைக் கடைசிக்கு வையுங்கள். வீட்டில் பத்து வயதுக்குக் கீழே யாராவது இருந்தால் அவர்கள் தூங்கின பிறகு.