கடைசிப் பெட்டியா, முதல் பெட்டியா?

முதல் இரண்டு வகுப்புகளும் நடக்காது என்று தெரியவந்த ஒரு புதன்கிழமை காலையில், எந்தத் திட்டமும் இல்லாமல் வகுப்புத் தோழியோடு பேருந்து ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள ஒரு தீம் பார்க்கில் பொழுது சாயும்வரை இருந்துவிட்டு வந்த வணிகவியல் மாணவி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதன் காரணம் நான்காவது கேள்வியில் இருக்கிறது.

கேள்வி: ரோலர் கோஸ்டரில் முதல் பெட்டியில் உட்கார வேண்டும் என்று நான் சொன்னேன். தோழியோ, கடைசிப் பெட்டியில்தான் தூக்கிப் போடும் என்று என்னைப் பின்னால் இழுத்துச் சென்றாள். உண்மையிலேயே தூக்கிப் போட்டது. இது மனப்பிரமையா, காரணம் உண்டா?

பதில்: பிரமை இல்லை, உங்கள் தோழி விவரமானவர். நீங்கள் ஏறியது போன்ற வண்டிகளுக்கு எஞ்சின் கிடையாது. முதல் மேட்டின் உச்சி வரை ஒரு சங்கிலி இழுத்துச் செல்கிறது. அதன் பிறகு அந்த உயரத்தில் சேர்ந்த ஆற்றலைக் கொண்டே கடைசிவரை ஓடுகிறது என்பதால், பின்னால் வரும் மேடு எதுவும் முதல் மேட்டைவிட உயரமாக இருக்க முடியாது. முதல் பெட்டி உச்சியைக் கடந்து கவிழும்போது மற்ற பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டியின் எடையில் பெரும்பகுதி பின்பக்கம் இருப்பதால், முன்னால் இருப்பவர்கள் பள்ளத்தைப் பார்த்தபடி விளிம்பில் மெதுவாக நகர்கிறார்கள். நடுப்பெட்டி உச்சியைத் தாண்டியதும் வண்டி விடுபட்டு வேகமெடுக்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் முன்னால் உள்ளவை சரிந்து ஓடிக்கொண்டிருப்பதால் அது வேகமாகச் சுண்டி இழுக்கப்படுகிறது. பாதை கீழே வளைகிறது. உங்கள் உடலோ வந்த திசையிலேயே போகப் பார்க்கிறது. அந்த ஒரு நொடியில் இருக்கைக்கும் உங்களுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. வயிறு மேலெழுவதுபோல் தோன்றுவதும் இதனால்தான்: வழக்கமாக இருக்கை நம்மைக் கீழிருந்து தாங்குவதையே நாம் எடை என்று உணர்கிறோம், தாங்கல் அற்றுப்போனதும் உள்ளுறுப்புகளும் தம் இடத்தில் சற்று மிதக்கின்றன.

ஆனால் இந்த வித்தியாசம் முதல் இறக்கத்தில்தான் இவ்வளவு பெரிது. அடுத்த மேடுகளின் உச்சியை முன்பெட்டியும் பின்பெட்டியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கடக்கின்றன. நடுவில் இருப்பவர்களுக்குத்தான் விறுவிறுப்பு குறைவு. பயந்த சுபாவம் உள்ளவர்களை நடுவில் உட்காரவைப்பது நல்லது. காட்சி வேண்டுமென்றால் முதல் பெட்டிதான், அதில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: தலைகீழாகச் சுற்றும்போது விழுந்துவிடுவேன் என்று நினைத்தேன். ஆனால் இருக்கையோடு ஒட்டவைத்ததுபோல் இருந்தது. அந்த வளையம் ஏன் சரியான வட்டமாக இல்லை?

பதில்: பலர் கவனிக்காததைக் கவனித்திருக்கிறீர்கள். 1895-இல் நியூயார்க்கின் கோனி தீவில் முழு வட்ட வளையத்தோடு ஒரு வண்டி ஓடியது. உச்சியில் விழாமலிருக்கத் தேவையான வேகத்தோடு வட்டத்துக்குள் நுழைந்தால், அடியில் உடல் தன் எடையைப்போல் குறைந்தது ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். பயணிகளின் கழுத்துதான் அவதிப்பட்டது. 1976-இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் திறக்கப்பட்ட வண்டியில், ஜெர்மானியப் பொறியாளர்கள் வளையத்தைக் கண்ணீர்த்துளி வடிவில் அமைத்தார்கள். அடியில் வளைவு அகலமாக இருப்பதால் அழுத்தம் குறைகிறது. வேகம் தணிந்த உச்சியில் வளைவு இறுக்கமாக இருப்பதால் அந்தக் குறைந்த வேகமே உங்களை இருக்கையோடு அழுத்தப் போதுமானதாகிறது. இன்று நாம் காணும் வளையங்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

கேள்வி: காலையில் அணிந்திருந்த பருத்திச் சுடிதாரோடு தண்ணீர் விளையாட்டுகளில் இறங்க விடவில்லை. உடை வாங்கியதில் கையிலிருந்த பணத்தில் பாதி போயிற்று. இது வியாபாரத் தந்திரமா?

பதில்: விற்பனையில் லாபம் இருக்கலாம், விதி மட்டும் நியாயமானது. பருத்தி நீரை உறிஞ்சிக் கனக்கிறது, நூலிழைகளை உதிர்த்து வடிகட்டிகளை அடைக்கிறது. சறுக்குக் குழாய்களில் தொளதொளப்பான துணியும் துப்பட்டாவும் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. திடீரென்று கிளம்புகிறவர்கள் பையில் ஒரு நைலான் உடை வைத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் கல்லூரி அடையாள அட்டை வைத்திருப்பீர்கள். பல பூங்காக்கள் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகின்றன, கேட்டீர்களா? வேலைநாளில் போனதால் வரிசையில் நிற்கும் நேரமும் உங்களுக்கு மிச்சமாகியிருக்கும்.

கேள்வி: வீட்டில் சொல்லாமல் போய்விட்டு, நூலகத்தில் இருந்தேன் என்றேன். ஈரத்தலையைப் பார்த்த அம்மா இரண்டு நாளாகப் பேசவில்லை. என்ன செய்வது?

பதில்: பூங்காவுக்குப் போனதற்காக அவர் வருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஏதாவது நேர்ந்திருந்தால் உங்களை எங்கே தேடுவது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள். நூலகக் கதையை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள்.

கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் தோழியும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

கேள்வி: முதல் மேட்டில் ஏறும்போது 'கடகட'வென்று வந்த சத்தம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. சங்கிலி அறுந்துவிடுமோ?

பதில்: அது சங்கிலியின் சத்தமே இல்லை. பெட்டிகளுக்கு அடியில் ஒரு இரும்பு நாக்கு இருக்கிறது. ஏற்றத்தில் தண்டவாளத்துக்கு இடையே படிபோல் அமைந்த பற்சட்டத்தில் அது ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிறது. சங்கிலி அறுந்தே போனாலும் வண்டி பின்னோக்கிச் சரியாமல் அந்த நாக்கு பல்லில் மாட்டி நிறுத்திவிடும். நீங்கள் நடுங்கியது காவல்காரனின் காலடிச் சத்தத்தைக் கேட்டு. உச்சிக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றுவிடும். அங்கே சங்கிலி உங்களை விட்டுவிட்டது என்று பொருள். அலற வேண்டுமானால் அங்கே அலறலாம்.