பதில்: டிவிடி ஓடுகிறது, புளூரே மட்டும் ஓடவில்லை

டோக்கியோவில் வாங்கிய டிவிடி லண்டனில் ஓடுகிறது, அதே படத்தின் புளூரே மட்டும் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வட்டில் பழுது இருக்காது, பயப்படாதீர்கள். உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து வட்டு வேறு மண்டலத்துப் பிளேயரில் ஓடாதபடி பூட்டிவைப்பார்கள். டிவிடியில் ஜப்பானும் பிரிட்டனும் ஒரே மண்டலம், 2. புளூரேயில் ஜப்பான் அமெரிக்காவோடு ‘ஏ’வுக்குப் போய்விட்டது, பிரிட்டன் ‘பி’. உறையின் பின்பக்கம் பாருங்கள், சின்ன அறுகோணத்துக்குள் அந்த எழுத்து இருக்கும்.

தயவுசெய்து வட்டைத் தள்ளிவிடாதீர்கள். எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர்கள் விற்கிறார்கள். ஆனால் டிவிடிக்கு மட்டும் பூட்டு நீக்கிவிட்டு அப்படி விளம்பரம் செய்வதும் உண்டு. புளூரேக்கும் சேர்த்துத்தானா என்று கேட்டு வாங்குங்கள். இனி வாங்குவதானால் புளூரேயைவிடத் துல்லியமான படம் தரும் 4கே யுஎச்டி வட்டு நல்லது, அதற்கு மண்டலப் பூட்டே கிடையாது. அதே பெட்டியில் உடன் வரும் சாதாரண புளூரேக்கு இருக்கலாம்.

வசனவரியையும் (சப்டைட்டில்) பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வெளியீடுகள் பலவற்றில் ஆங்கிலம் இருக்காது. ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான கிப்லி ஸ்டூடியோவின் படங்களில் பெரும்பாலும் இருக்கும், அந்த அக்கறைக்காகவே அவர்களை எனக்குப் பிடிக்கும். கடைக்காரரிடம் ‘எய்கோ ஜிமாகு’ உண்டா என்று கேளுங்கள். ஆங்கில வசனவரிக்கு அதுதான் பெயர்.

உங்கள் பிளேயரின் மாடல் எண்ணைப் போடுங்கள், பூட்டு நீக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.