கை மறைஞ்சா கேமராவுக்கு என்ன தெரியும்?

கேள்வி: வெப்கேமரா வச்சு உடம்பு அசைவை டிராக் பண்ற புரோகிராம் ஒண்ணு எழுதியிருக்கேன். நேரா நின்னா நல்லா வருது, ஆனா இடது கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோனா அந்த மணிக்கட்டுப் புள்ளி வலது கைக்குத் தாவிடுது. அடுத்த அசைவைக் கணிக்கணும்ங்கறாங்க, இன்னும் நடக்காததை எப்படிங்க கணிக்கறது?

பதில்: உங்க புரோகிராமுக்கு ஞாபகமே இல்லங்க, ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது வீடியோவோட ஒவ்வொரு தனிப் படத்தையும், அப்பத்தான் முழிச்ச மாதிரி பாக்குது. கண்ணுல படுறது ஒரே மணிக்கட்டு, அதனால ரெண்டு புள்ளியையும் அது மேலயே ஒட்டிடுது.

கணிப்புன்னா ஜோசியம்னு நினைக்காதீங்க. செகண்டுக்கு 30 ஃபிரேம்னா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல 33 மில்லிசெகண்ட்தான், செகண்டுக்கு 3 மீட்டர் வேகத்துல வீசுற கை கூட அதுக்குள்ள 10 சென்டிமீட்டர்தான் போகும், அதனால கடைசியா இருந்த இடமும் வேகமும் தெரிஞ்சாலே அடுத்து எங்க தேடணும்னு தெரிஞ்சுடும். இதுக்குத்தான் கால்மன் ஃபில்டர். ருடால்ஃப் கால்மன்ங்கற இன்ஜினியர் 1960ல எழுதினது, நிலாவுக்குப் போன அப்பல்லோவுக்கே வழி காட்டியிருக்கு. இங்க இருக்கும்னு முதல்ல ஊகிக்கும், கேமரா சொல்றதைப் பாத்து அப்புறம் திருத்திக்கும். ஊகத்துக்கு ரொம்ப தள்ளி ஒரு புள்ளி வந்தா அதை எடுத்துக்காதன்னு ஒரு எல்லை போட்டுடுங்க, உங்க தாவல் அங்கயே நின்னுடும். கை மறைஞ்சிருக்கிற வரைக்கும் ஊகம் மட்டும்தான் ஓடும், ஃபிரேமுக்கு ஃபிரேம் சந்தேகமும் பெருசாகிட்டே போகும், அது நியாயம்தானே. முழங்கை பின்பக்கமா மடங்காது, எலும்போட நீளம் மாறாது, இதையும் சேத்துக்கிட்டா இன்னும் நல்லது.

கேள்வி: அப்போ நியூரல் நெட்வொர்க் (நிறைய உதாரணம் பாத்து தானா கத்துக்கிற புரோகிராம்) போட்டா ஒரு செகண்ட் முன்னாடியே கணிச்சிடலாமா?

பதில்: ஆசை நல்லாத்தான் இருக்கு! 2017ல ஒரு கூத்து நடந்துச்சு. 'ஆள் கடைசியா நின்ன மாதிரியே அசையாம நிக்கிறார்'னு சொல்ற வெத்துக் கணிப்பை, அப்ப பேர் வாங்கியிருந்த நெட்வொர்க்குகளோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, அரை செகண்டுக்குள்ள பாத்தா வெத்துக் கணிப்புதான் ஜெயிச்சுது. அந்த நெட்வொர்க்குகள் முதல் ஃபிரேம்லயே கடைசி போஸை விட்டுத் தாவிடுச்சு, அதான் காரணம். அதனால அடுத்த இடத்தைக் கேக்காம, இப்ப இருக்கிற இடத்துல இருந்து எவ்வளவு நகரும்னு மட்டும் கேக்கிற மாதிரி மாத்தினாங்க, தாவல் குறைஞ்சுது. அப்புறம் இன்னும் நல்ல மாடலெல்லாம் வந்தாச்சு, ஆனாலும் நீங்க முதல்ல அந்த அசையாத கணிப்பை ஓட்டி பிழை எவ்வளவுன்னு குறிச்சு வச்சுக்கோங்க, உங்க நெட்வொர்க் அதைக்கூடத் தாண்டலைன்னா எழுதின புரோகிராமைத் திரும்பப் பாருங்க.