சர்ச்சில் வரைந்த கடல்: கேள்வி பதில்

கே (கல்லூரி மாணவர், சேலம்): வின்ஸ்டன் சர்ச்சில் சின்ன வயதிலிருந்தே வரைந்தவரா?

ப: இல்லை, 40 வயதில்தான் தொடங்கினார். 1915இல், முதல் உலகப் போரின்போது, துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் நடத்திய தாக்குதல் கைகூடாமல் போக, பிரிட்டனின் கடற்படை அமைச்சர் பதவி பறிபோனது. மனம் நொந்திருந்த அந்தக் கோடையில், இங்கிலாந்தின் சர்ரேயில் ஒரு பண்ணை வீட்டில் தம்பி மனைவி நீர்வண்ணத்தில் வரைவதைப் பார்த்துத் தானும் பிரஷ்ஷை எடுத்தார். அப்புறம் ஆயில் பெயிண்ட் வாங்கினார். வெள்ளைக் கேன்வாஸைக் கண்டதும் கை ஓடவில்லை. அவரைக்கொட்டை அளவு நீலத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். அந்த நேரம் பார்த்து வந்தார் ஹேசல் லேவரி. ஓவியர் ஜான் லேவரியின் மனைவி, அவரும் ஓவியர். பெரிய பிரஷ்ஷைக் கையில் வாங்கி, டர்பன்டைனில் தோய்த்து, கேன்வாஸில் நீலத்தைச் சரசரவென்று இழுத்தார். கேன்வாஸ் திருப்பி அடிக்காது என்று சர்ச்சிலுக்குப் புரிந்துவிட்டது. பயம் அன்றோடு போயிற்று.

கே (இல்லத்தரசி, தூத்துக்குடி): நான் கடல் வரைந்தால் நீலச் சுவர் மாதிரி தட்டையாக வருகிறது. அவர் எப்படி வரைந்தார்?

ப: அவருக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது. கலந்து வைத்த வண்ணத்தை நீளமாக, வழவழப்பாக இழுத்துத்தான் முதலில் கடல் வரைந்தாராம். பிரான்சின் தெற்கே, பிரெஞ்சு ஓவியர் செசானைப் பின்பற்றிய ஓவியர்களைச் சந்தித்த பிறகு வழி மாறியது. தண்ணீரைச் சின்னச் சின்னத் தீற்றல்களாக, பெரும்பாலும் கலக்காத வண்ணத்திலேயே, பக்கம் பக்கமாக வைக்கப் பழகினார். கிட்டே நின்றால் கல் பதித்த தரை மாதிரி தெரியும். தள்ளி நின்றால் மினுங்கும். கடலின் நீலம் எந்த ஒரு ட்யூபிலும் கிடைக்காது என்று 1921-22இல் எழுதிய கட்டுரையில் அவரே சொல்கிறார். நீங்களும் ஒரே நீலத்தைக் கலந்து நிரப்பாதீர்கள். பச்சை, ஊதா, கொஞ்சம் ரோஸ் எல்லாம் தனித்தனித் தீற்றலாக வையுங்கள். வானத்தின் நிறம் எங்கே தண்ணீரில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

கே (ஆசிரியர், மதுரை): அவருடைய கடல் ஓவியங்களில் உங்களுக்குப் பிடித்தது?

ப: 1938 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் வரைந்த வால்மர் காட்சி. தண்ணீரில் ஆட்கள் குளிக்கிறார்கள். முன்னால் ஒரு பழைய பீரங்கி கடலைப் பார்த்தபடி கிடக்கிறது. அடுத்த வருடம் இரண்டாம் உலகப் போர். அந்தப் பீரங்கியை விட்டு என்னால் கண்ணை எடுக்க முடிவதில்லை.

கே (வங்கி ஊழியர், கோவை): பெயருக்காகப் புகழ்கிறார்களா, உண்மையிலேயே நல்ல ஓவியரா?

ப: இந்தச் சந்தேகம் அவருக்கே இருந்திருக்க வேண்டும். 1921இல் பாரிஸில் சார்லஸ் மோரின் என்ற புனைபெயரில் காட்சிக்கு வைத்தார். 1947இல் டேவிட் வின்டர் என்ற பெயரில் லண்டனின் ராயல் அகாடமி ஓவியக் கண்காட்சிக்கு அனுப்பிய 2 ஓவியங்கள் தேர்வாயின. தண்ணீரும் வெயிலும் அவருக்கு நன்றாக வரும். மனித உருவங்கள் விறைப்பாக நிற்கும். என் கணக்கில், தேர்ந்த பொழுதுபோக்கு ஓவியர்.

கே (திருச்சி): வங்கப் பஞ்சத்தின்போது பதவியில் இருந்தவரை இப்படி ரசிக்கலாமா?

ப: நியாயமான கேள்வி. 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். தானியம் அனுப்பப் போதிய கப்பல் ஒதுக்காத பிரிட்டிஷ் அரசின் பிரதமர் அவர். போர்க்காலத்தில் அவர் வரைந்த ஒரே ஓவியமும் அதே 1943இல்தான்: ஜனவரியில், மொராக்கோவின் மராகேஷ் நகரம். அதை அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்டுக்குப் பரிசாகக் கொடுத்தார். 2021 ஏலத்தில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அந்த ஓவியத்தைப் பார்க்கும்போது எனக்கு வங்கமும் ஞாபகம் வருகிறது. வண்ணத்தைக் கற்றுக்கொள்கிறேன், ஆளை மன்னிக்க அது காரணமாகாது.

கே (சென்னை): அசல் ஓவியங்களை எங்கே பார்க்கலாம்?

ப: கென்ட்டில் அவர் வாழ்ந்த சார்ட்வெல் வீட்டில். தோட்டத்து ஸ்டுடியோவின் சுவரெல்லாம் அவர் ஓவியங்கள்தான். மொத்தம் 500க்கு மேல் வரைந்திருக்கிறார். லண்டன் போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கலாம்.