வெட்டிவேர் விதை என்று ஒன்று விற்கிறார்கள்

கேள்வி (கன்னங்குறிச்சி): வாசல் ஓரம் வைக்க ஆன்லைனில் 299 ரூபாய்க்கு வெட்டிவேர் விதை வாங்கினேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால், நான் தண்ணீர் சரியாக விடவில்லையாம்.

பதில்: உங்கள் தண்ணீரில் குற்றமில்லை அம்மா. நம் பக்கத்து வெட்டிவேர் பூக்கும், முளைக்கிற விதை வைக்காது. தூரை, அதாவது வேரோடு இருக்கும் அடிக்கொத்தை, பிரித்துத்தான் நட வேண்டும். இந்தப் பாக்கெட்டுகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முன்பக்கம் ஊதாவிலும் நீலத்திலும் புல் படம். பின்னால் திருப்பினால் தாவரப் பெயரும் இல்லை, எந்த வருடத்து விதை என்றும் இல்லை. பாக்கெட்டையும் பில்லையும் போட்டோ எடுத்து, அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததைச் சொல்லியாக வேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்தாக வேண்டும். ஆன்லைன் விற்பனைக்கான 2020 நுகர்வோர் பாதுகாப்பு விதி அது. மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் மேலே சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போகலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. 299 ரூபாய்தானே என்று விடாதீர்கள். அப்படி விடுகிறவர்களை நம்பித்தான் இந்தக் கடைகளே ஓடுகின்றன.

கேள்வி (ஏற்காடு): நர்சரியில் 40 தூர் வாங்கி சில்வர் ஓக் நிழலில் நட்டேன். சோகையாக நிற்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கூடாது. வெட்டிவேருக்கு வெயில் வேண்டும். நீங்கள் நிழலில் வைத்ததற்கு நர்சரிக்காரர் என்ன செய்வார்? மழை பிடித்ததும் தோண்டி, இலையை ஒரு சாணுக்கு நறுக்கி, வெயில் படும் சரிவில் அரை அடிக்கு ஒன்றாகக் குறுக்கே வரிசையாக நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள், அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): வெட்டிவேர் என்று வாங்கிய செடியின் இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வருகிறது. உயர்ந்த ரகமா?

பதில்: அது எலுமிச்சைப் புல். வெட்டிவேருக்கு வாசமெல்லாம் வேரில்தான். சிரிக்க மாட்டேன், நானே ஏமாந்தவன். ரோட்டோர நர்சரி ஒன்றில் 20 பை வாங்கி வந்து, வேலி ஓரம் பெருமையாக நட்டேன். மூன்று மாதம் கழித்து வீட்டுக்காரி இரண்டு இலையைக் கிள்ளி டீயில் போட்டு நீட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. வாங்கும்போதே ஒரு பையைக் கவிழ்த்து, வேரைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். விடமாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி (அம்மாபேட்டை): மாதம் எவ்வளவு யூரியா போடலாம்?

பதில்: ஒன்றும் வேண்டாம். வருடத்துக்கு இரண்டு தடவை முழங்கால் உயரத்துக்கு அறுத்துவிட்டால் போதும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இலை ஓரம் கீறும்.