பட்டுடுத்திய இடையர்கள்

அன்புள்ள ஐயா,

லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் பிரெஞ்சு ஓவியர் பூஷே 1749இல் வரைந்த இரண்டு பெரிய ஆயர் ஓவியங்களைப் பார்த்தேன். ஒன்றில் இடையன் இடைச்சிக்குத் திராட்சை ஊட்டுகிறான். அவள் உடுத்தியிருப்பது பட்டு. ஆடுகள்கூடக் குளிப்பாட்டி விட்டதுபோல இருக்கின்றன. பிரெஞ்சுக் குடியானவர்கள் ரொட்டிக்குத் திண்டாடிய காலத்தில் இது பணக்காரர்களுக்காகச் சொன்ன பொய்தானே?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கோபம் ரொம்பப் பழைய கோபம். பூஷேயின் ஆயர் ஓவியம் ஒன்றை 1761இல் பாரிஸ் கண்காட்சியில் பார்த்த எழுத்தாளர் தீதரோ, இந்த மனிதரிடம் எல்லாம் இருக்கிறது, உண்மையைத் தவிர என்று எழுதினார்.

ஆனால் அந்த இடையனும் இடைச்சியும் கிராமத்து ஆட்களே இல்லை, மேடையிலிருந்து இறங்கி வந்தவர்கள். 1745இல் பாரிஸ் சந்தைக் கொட்டகையில் ஃபவார் என்ற நாடகாசிரியர் திராட்சை அறுவடையை வைத்து ஓர் ஊமைக்கூத்து போட்டார். பெரிய அரங்குகள் கொடுத்த நெருக்கடியால் சந்தை நாடகக்காரர்கள் வாய் திறக்க முடியாத நேரம் அது. வசனம் இல்லாமல் காதலை எப்படிச் சொல்வது? திராட்சையை ஊட்டித்தான். ஓவியத்திலும் யாரும் பேச முடியாதே! பூஷே அந்தச் சைகையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1747இலேயே ஒருமுறை வரைந்துவிட்டார், அது இப்போது சிகாகோவில் இருக்கிறது. பட்டுப் பாவாடையை நாடக உடுப்பாக நினைத்து இன்னொரு தடவை பாருங்கள்.

அப்புறம் பூஷேயின் இடையர்கள் சுவரில் தொங்கவிடும் ஓவியத் திரைச்சீலைகளை நெய்யும் பொவே நகரத்துத் தறிக்கும் போனார்கள். அங்கே பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், படுக்கைவாட்டில் இருக்கும். மாதிரி ஓவியத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பாவுக்கு அடியில் வைப்பார்கள். நெசவாளி பின்பக்கத்தைப் பார்த்தேதான் நெய்வார். தறியிலிருந்து இறக்கினால்தான் திரைச்சீலையின் முகம் முழுசாகத் தெரியும், அதுவும் இடம் வலம் மாறி. ஓவியர் முன்கூட்டி யோசிக்காவிட்டால், வலக்கையால் ஊட்டியவன் சுவரில் இடக்கையால் ஊட்டுவான். எனக்கு இந்தச் சங்கதி ஓவியங்களைவிடப் பிடிக்கும்.

சரி, பணக்காரர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த இரண்டும் த்ரூதேன் என்பவரின் மாளிகைக்காக வரைந்தவை. அவர் பிரான்ஸின் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பான அதிகாரி. அந்தச் சாலைகளைக் கூலியில்லாமல் போட்டுக்கொடுத்தவர்கள் நிஜக் குடியானவர்கள். இந்த இடத்தில் நான் உங்கள் கட்சிதான். ஆடுகள் விஷயத்திலும்.