கிழ நாயோடு மாஹேபூரில் ஒரு காலை

கேள்வி: அக்கா, பணி ஓய்வுக்குப் பிறகு அப்பா வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. எங்கள் பதினோரு வயது நாயிடம்தான் மனம்விட்டுப் பேசுகிறார். இருவரையும் ஒருநாள் மாஹேபூருக்கு அழைத்துப்போய், அவர் சின்ன வயதில் சாப்பிட்ட இனிப்புகளை வாங்கித் தர ஆசை. நாயோடு சுற்ற முடியுமா? அதற்கு என்ன தரலாம்?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரிஷியஸ்

பதில்: தாராளமாக வாங்க தங்கச்சி. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குப் பெரிய சந்தை. மனிதர் கால்களுக்கு நடுவே வயதான நாய் மிரண்டுபோகும்.

நான் இந்த ஊர்க்காரி. என் நாய் மணி பேருந்து நிலையத்தில் குட்டியாகக் கிடைத்தவன், இப்போது ஒன்பது வயது. நாங்கள் காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்பிவிடுவோம். நீங்களும் கடற்கரையில், புவாந்த் தே ரெகாத்தில் ஆரம்பியுங்கள். 1810இல் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இந்தக் குடாவில் மோதிய கடற்போரின் நினைவுத்தூண் அங்கே நிற்கிறது. எதிரே சிங்கமலை. அப்பா உட்காரட்டும், நாய் ஒவ்வொரு மரத்தடியையும் மோந்து முடிக்கட்டும். கயிற்றை இழுக்காதீர்கள். கண்ணும் காதும் மங்கிய நாய்க்கு மூக்குதான் ஊர் சுற்றிக் காட்டும். அரை மணி நேரம் ஆனாலும் சரி.

அப்புறம் ஊருக்குள் நடங்கள். முதலில் காத்தோ பத்தாத். சர்க்கரைவள்ளிக் கிழங்கை வேகவைத்துப் பிசைந்து, உள்ளே தேங்காயும் சர்க்கரையும் வைத்து, அரைவட்டமாக மடித்துப் பொரிப்பார்கள். ஆறிப்போனால் அதன் அருமை பாதி போய்விடும், சூடாகக் கேட்டு வாங்குங்கள். தேங்காய்ப் பூரணம் வைத்த மகாச்சா ரொட்டி கிடைத்தால் விடாதீர்கள். பூத்து விற்பவர் தென்பட்டால் அப்பாவையே கூப்பிட்டு வாங்கச் சொல்லுங்கள். நம் புட்டுதான் இங்கே பேசும் கிரியோல் மொழியில் பூத்து ஆனது. என் பாட்டி அதை வாழையிலையில் வாங்கிவந்து, முதல் பிடியை எனக்குத்தான் ஊட்டுவாள். இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சும் நடுவில் ஜாமும் உள்ள நாப்போலித்தேன் பிஸ்கட்டை வீட்டுக்கு வாங்கிப் போகலாம். வெயிலில் பூச்சு உருகிவிடும், அதனால் கடைசியாக வாங்குங்கள்.

ஆனால் இந்த ஊருக்கு வந்ததன் பலன் கேவண்டிஷ் பாலத்துக்கு அப்பால், வில் நுவாரில் இருக்கிறது. அங்கே ரோ குடும்பத்தார் 1870 முதல் மரவள்ளி பிஸ்கட் செய்கிறார்கள். கிழங்கைத் துருவி, சாறு போகப் பிழிந்து, மாவாக்கிச் சலித்து, சதுர அச்சில் நிரப்பி, சூடான தகட்டில் சுடுவார்கள். அடுப்புக்குக் காய்ந்த கரும்புத் தோகை. அந்தப் புகை வாசம் வந்ததும் மணி நின்றுவிடுவான், நானும்தான். தேங்காய், பட்டை, அன்னாசிப்பூ என்று பல சுவைகள் உண்டு. என்னைக் கேட்டால் தேங்காய்தான், கூடவே பால் விடாத தேநீர். நாயை ஆலைக்குள் கொண்டுபோக வேண்டாம். அப்பா உள்ளே பார்க்கும்வரை நீங்கள் நிழலில் அதோடு இருங்கள், பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். பாலத்தில் வண்டிகள் ஓடும். நாயை ஓரப் பக்கமாக, கயிற்றைக் குறுக்கிப் பிடித்து நடத்துங்கள். தெருநாய்கள் நெருங்கினால் ஓடாமல் மெதுவாக விலகிப் போங்கள்.

நாயின் பங்கை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். உப்பும் சர்க்கரையும் போடாமல் வேகவைத்த சர்க்கரைவள்ளி, தோல் நீக்கி, விரல்நுனி அளவுத் துண்டுகளாக ஐந்தாறு போதும். நாம் காத்தோ பத்தாத் தின்னும்போது அதற்கும் ஒரு துண்டு கிடைத்துவிட்டால் ஏமாந்து பார்க்காது. சாக்லேட் சேர்ந்த எதையும் தராதீர்கள். அதிலுள்ள தியோப்ரோமின் நாயின் இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கலாம், அதுவும் நாய்க்கு விஷம். உலர்திராட்சையைப் பற்றிப் பட்டு அறிந்து சொல்கிறேன். ஒரு விருந்தில் யாரோ பாசத்தோடு சேமியா இனிப்பை மணிக்கு வைத்துவிட்டார்கள், அதில் கைப்பிடி திராட்சை. அன்றிரவு முழுக்க வாந்தி. மறுநாள் மருத்துவர் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான் ஊசிவழி நீர் ஏற்றுவதாகச் சொன்னபோது, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பிழைத்துக்கொண்டான். அதனால் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாசக்காரர்கள்தான் ஒளித்துக் கொடுப்பார்கள்.

தண்ணீரும் ஒரு கிண்ணமும் மறக்க வேண்டாம். பத்து மணிக்குமேல் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. அத்தோடு வண்டியேறிவிடுங்கள். நாப்போலித்தேனை இன்னொரு நாள் வந்து வாங்கிக்கொள்ளலாம்.